ரெண்டு வாரம் பேனா தொடக்கூடாது

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்துச்சு. ஒரு கையெழுத்து வாங்கணும். வாங்கி, அந்தப் பேப்பரை தி.நகர்ல இருக்கற எங்க மேலாபீஸ்ல சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்.

அவ்வளவுதான். பத்து மணிக்கு ஆரம்பிச்சா பன்னெண்டரைக்குத் திரும்பி வந்து டிபன் பாக்ஸைத் திறந்துடலாம்னு நினைச்சேன்.

என்னைத் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். நான் மயிலாப்பூர் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில பிசியோதெரபிஸ்ட். அரசாங்கத் தமிழ்ல சொன்னா இயன்முறை மருத்துவர், நிலை இரண்டு. எங்க தெருவுல சொன்னா "எக்ஸர்சைஸ் டீச்சர்".

இந்த 'நிலை இரண்டு'தான் இங்க விஷயமே. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப என் பொண்ணு கைக்குழந்தை. நான் நிலை இரண்டு. அவ பத்தாவது எழுதினப்ப நான் நிலை இரண்டு. இப்ப அவ அடையாறுல காலேஜுக்குப் போறா, நான் அதே நிலை இரண்டு. நான் சேர்ந்த வருஷம் வந்த மெழுகு ஒத்தட மெஷினுக்குக்கூட ஓய்வு குடுத்து, அந்த இடத்துல பெரிய மெஷின் வந்தாச்சு. என்னை மட்டும் யாரும் ஏறெடுத்துப் பாக்கல!

சிரிச்சுக்கிட்டேதான் சொல்றேன். ஆனா போன மாசம் பொண்ணு காலேஜ் ஃபார்ம்ல 'தாயாரின் பதவி'ங்கற கட்டத்துல 'நிலை இரண்டு'ன்னு எழுதறப்ப நிஜமாவே சிரிப்பு வரல.

இப்படி இருக்கறப்ப, முந்தாநாள் சாயங்காலம் எங்க ஆபீஸ் கிளார்க் ஒரு சுற்றறிக்கையை நீட்டினார். நிலை ஒண்ணுல ஒரே ஒரு இடம் காலி. சீனியாரிட்டியில முதல் பேரு என்னோடது! விண்ணப்பிக்கக் கடைசி நாள், நாளைக்கு.

"இது எப்ப சார் வந்துச்சு?"

"வந்து பத்து நாளாச்சு மேடம். மேல டீ கிளாஸ் இருந்துச்சு, கவனிக்கல."

இந்த இடத்தை விட்டா அடுத்தது காலியாக ஆறு வருஷமாவது ஆகும். சண்டை போடக்கூட நேரமில்ல. விடியறதுக்குள்ள விண்ணப்பம் ரெடி, நகல் எல்லாம் ரெடி. பணி மதிப்பீட்டு அறிக்கையில மட்டும் எங்க சீஃப் ஒரு கையெழுத்து போடணும். சீஃப்னா எலும்பு வைத்தியப் பிரிவோட தலைமை டாக்டர். நல்ல மனுஷன். என் மேல மரியாதை வேற.

இங்கதான் நான் பண்ணின ஒரு காரியத்தைச் சொல்லணும்.

பத்து நாள் முன்னாடி சீஃபே கட்டைவிரலைப் பிடிச்சுக்கிட்டு என்கிட்ட வந்தாரு. "ஒன்றரை வருஷமா வலிம்மா. கையெழுத்து போட்டுப் போட்டே விரல் போச்சு."

கட்டைவிரலை உள்ள மடக்கி முஷ்டி பிடிக்கச் சொன்னேன். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமா லேசா சாய்ச்சேன்.

"ஆஆ!"

வார்டே திரும்பிப் பாத்துச்சு.

எனக்கு ஒரே குஷி! ஊருக்கே வைத்தியம் பாக்கற தலைமை டாக்டர் என் பேஷன்ட். சுத்தி நாலு ஜூனியர் டாக்டருங்க வேற. விடுவேனா? கட்டைவிரலுக்குப் பட்டை மாட்டி, வெல்க்ரோவை இழுத்து ஒட்டி, பிரசங்கத்தை ஆரம்பிச்சேன்.

"சார், ரெண்டு வாரம் இந்தக் கையால பேனாவைத் தொடக்கூடாது. 'ஒரே ஒரு கையெழுத்துதானே'ன்னு வருவாங்க. இடம் குடுக்காதீங்க. அந்த ஒண்ணுலதான் எல்லாம் கெட்டுப் போகுது."

அதோட விட்டேனா? பெரிய பேப்பர்ல ஸ்கெட்ச் பேனாவால எழுதி, அவர் ரூம் கதவுல நானே ஒட்டினேன். 'ஐயாவின் கைக்கு ஓய்வு. கையெழுத்துக்காக யாரும் உள்ளே வரக் கூடாது.' கீழ என் பேரு. அதுக்கும் கீழ, நிலை இரண்டு.

அன்னிலேர்ந்து மத்த கையெழுத்தெல்லாம் துணை டாக்டர்தான் போட்டுட்டு இருந்தாரு. மதிப்பீட்டு அறிக்கை மட்டும் சீஃப்தான் போடணும்.

நேத்து காலைல பத்து மணிக்கு, அந்த நோட்டீஸ் முன்னாடியே ஃபைலோட நிக்கறேன்.

வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாங்க கஸ்தூரி அக்கா. சீஃப் ரூம் அட்டெண்டர். நொச்சிக்குப்பத்துக்காரங்க. அவங்களைத் தாண்டி ஒரு கொசு உள்ள போக முடியாது.

"இன்னா மேடம், இன்னா விசயம்?"

"ஒரே ஒரு கையெழுத்துக்கா."

அக்கா கதவைக் காட்டினாங்க. "நோட்டீஸ் கீது பாரு."

"அதை எழுதினதே நான்தான்க்கா!"

"அப்போ படிக்கத் தெரியும்ல? உன் பேச்சக் கேட்டுக்கினு பத்து நாளா எத்தினி பேரத் தொரத்திக்கினு கீறேன் தெரியுமா? நேத்து ஒரு போலீஸ்காரரையே திருப்பி அனுப்பிச்சிட்டேன்."

"ரொம்ப அவசரம்க்கா."

"அல்லாரும் அதத்தான் சொல்றாங்கோ. நீ பிசியோ, அவரு பிஸி. போய்க்கினே இரு."

கெஞ்சி, அழாத குறையா நின்னு, அக்காவோட முழங்காலுக்கு மூணு எக்ஸர்சைஸ் செஞ்சு காட்டி உள்ள போறதுக்குள்ள மணி பதினொண்ணரை.

சீஃப் பட்டை மாட்டின கையைச் சந்தோஷமா தூக்கிக் காட்டினாரு. "வலி போயே போச்சும்மா! நீ சொன்னதை ஒண்ணு விடாம செய்யறேன்."

கேளுங்க மக்களே, பத்தொன்பது வருஷமா பேஷன்ட்டுங்ககிட்ட கத்திக்கிட்டு இருக்கேன். ஒருத்தர்கூட சொன்னபடி செஞ்சதில்ல. செய்யற ஒரே ஆளு இவராவா இருக்கணும்?

"சார்... ஒரே ஒரு கையெழுத்து..."

அவரு ஜூனியருங்க பக்கம் திரும்பினாரு. "பாத்தீங்களா? மேடம் எனக்கு டெஸ்ட் வெக்கறாங்க!"

"டெஸ்ட் இல்ல சார், நிஜமாவே..."

"அந்த ஒண்ணுலதான் எல்லாம் கெட்டுப் போகுது! கரெக்டா?"

நாலு ஜூனியரும் கை தட்டினாங்க.

நான் விஷயத்தைச் சொல்லி முடிச்சதும்தான் அவர் முகம் மாறுச்சு. "அடடா, உன் ப்ரமோஷனாம்மா? இரு, இடது கையால போடறேன். அதுவும் என் கைதானே?"

போட்டாரு. ஜாங்கிரி பிழிய ஆரம்பிச்சு, பாதியில கேஸ் தீந்து போன மாதிரி இருந்துச்சு. "ரொம்ப நல்லா வந்திருக்கு சார்"னு சொல்லிட்டு ஓடினேன்.

ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பாத்தாரு. "ஆடி மாசத்துல தி.நகரா? எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாரு உனக்கு?" லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டி வெச்சிருக்காங்கன்னு ஒரு சுத்து, பாண்டி பஜார்ல தள்ளுபடிக் கூட்டம்னு இன்னொரு சுத்து. மேலாபீஸ் போய்ச் சேர்ந்தப்ப, விண்ணப்பம் வாங்கற செக்‌ஷன் மேடம் சாப்பிடப் போயாச்சு.

ரெண்டே கால் மணிக்கு வந்தாங்க. கண்ணாடி மூக்கு நுனியில. ஃபைலைப் பிரிச்சு, பெரிய ரெஜிஸ்டர் ஒண்ணைத் திறந்தாங்க. அதுல எங்க சீஃப் போன வருஷம் பொறுப்பேத்தப்ப போட்டுக் குடுத்த மாதிரிக் கையெழுத்து இருக்கு.

"இது உங்க சீஃப் கையெழுத்து இல்லயே."

"அவரோடதுதான் மேடம். இடது கையால போட்டாரு."

"ஏன்?"

"வலது கை கட்டைவிரல்ல வலி. எழுதக் கூடாது."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

கண்ணாடிக்கு மேல என்னைப் பாத்தாங்க. "வலது கை முடியலன்னு ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டு வாங்க."

"இப்பவே எழுதித் தரேன் மேடம்."

"நீங்க தரக் கூடாது. எலும்பு டாக்டர் தரணும். அதுவும் தலைமை டாக்டர்."

"தலைமை டாக்டருக்குத்தான் மேடம் கை வலி!"

"அப்ப இன்னும் வசதி. அவரே கையெழுத்து போட்டுக் குடுக்கட்டும்."

"எந்தக் கையால?"

"மாதிரிக் கையெழுத்து எந்தக் கையோ, அந்தக் கையால."

"அந்தக் கையால முடியலங்கறதுக்குத்தானே மேடம் சர்டிபிகேட்டே?"

"அதை அந்தக் கையெழுத்து இருந்தாத்தானே நாங்க நம்ப முடியும்?"

பேஷன்ட்டுங்களுக்குச் சொல்லித் தர்ற மாதிரி மூச்சை இழுத்து விட்டுப் பாத்தேன். ஒண்ணும் பிரயோஜனமில்ல.

திரும்ப ஆட்டோ, திரும்ப லஸ் சுத்து. ஆஸ்பத்திரியில நுழையறப்ப மூணரை.

"இன்னா, திரும்ப வந்துட்டியா?"ன்னாங்க கஸ்தூரி அக்கா.

நோட்டீஸை டர்ருன்னு கிழிச்சேன். "நான் ஒட்டினேன், நானே கிழிக்கறேன்!"

"காலைலயே கிழிச்சிருக்கலாம்ல"ன்னு அக்கா முணுமுணுத்தது காதுல விழுந்துச்சு.

உள்ள போய் சீஃப் கையைப் பிடிச்சு வெல்க்ரோவைப் பிரிச்சேன்.

"இன்னும் நாலு நாள் பாக்கி இருக்கேம்மா."

"பரவாயில்ல சார். ஒரே ஒரு கையெழுத்துதானே."

என் வாயாலயே சொன்னேன். நாலு ஜூனியரும் தரையைப் பாத்தாங்க. வெக்கமா இருந்துச்சு. ஆனா 'நிலை இரண்டு' அதைவிட வெக்கமா இருந்துச்சு.

வலது கையாலயே போட்டுட்டா சர்டிபிகேட்டே வேண்டாமே! புது மதிப்பீட்டுப் படிவத்துல சீஃப் மெதுவா கையெழுத்து போட்டாரு. முகம் அப்படியே மலர்ந்துச்சு.

"வலிக்கவே இல்லம்மா! இங்க பாரு, காலேஜ்ல போட்ட கையெழுத்து திரும்ப வந்திருச்சு!"

முத்து முத்தா இருந்துச்சு. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா, கடைசியில ஸ்டைலா ஒரு வளைவு. அவருக்குத் தாங்கல. பக்கத்துல கிடந்த எக்ஸ்ரே கவர் மேல இன்னொண்ணு போட்டுப் பாத்துக்கிட்டாரு. எனக்கும் பெருமை பிடிபடல. என் சிகிச்சை இல்லயா! பட்டையை அவருக்குத் திரும்ப மாட்டிவிட்டு, படிவத்தோட பறந்தேன்.

நாலே முக்காலுக்கு செக்‌ஷன் மேடம் முன்னாடி வெச்சேன்.

ரெஜிஸ்டரைப் பாத்தாங்க. படிவத்தைப் பாத்தாங்க. "இது அவரோடது இல்லவே இல்ல."

"மேடம்! வலது கை! என் கண்ணு முன்னாடி போட்டாரு!"

"நீங்களே பாருங்க."

பாத்தேன். ரெஜிஸ்டர்ல இருந்த கையெழுத்து நொண்டி நொண்டி, பாதியில இழுத்துக்கிட்டுப் போகுது. போன வருஷம் போட்டது. அப்பவே அவருக்கு வலி!

"மேடம், அது வலியோட போட்டது. இது குணமானப்புறம் போட்டது. நான்தான் குணப்படுத்தினேன்."

"எதுக்குக் குணப்படுத்தினீங்க?"

பத்தொன்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னைக் கேட்டதில்ல.

கண்ணுல தண்ணி முட்டுச்சு. அதைப் பாத்தோ என்னவோ, "மத்தியானம் ஒண்ணு வெச்சிருந்தீங்களே, அதை எடுங்க"ன்னாங்க. இடது கை ஜாங்கிரியை எடுத்துக் குடுத்தேன். மூணையும் வரிசையா வெச்சு உத்துப் பாத்தாங்க.

"ம்... இதுல அதே நொண்டல் இருக்கு. அதே இழுப்பு. இதுதான் அவர் கையெழுத்து. இதை ஏன் மொதல்லயே குடுக்கல?"

"மொதல்ல இதைத்தான் குடுத்தேன் மேடம்."

"அப்படியா? காலைலேர்ந்து கட்டைவிரல் வலி உயிர் போகுது. எதையும் சரியா பாக்க முடியல."

கட்டைவிரல்! என் வாய் தானா திறந்துடுச்சு. "மேடம், ரெண்டு வாரம் பேனாவை..."

நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். மணி நாலு அம்பத்தி நாலு.

"பேனாவை?"

"பேனாவைப் பிடிச்சு கொஞ்சம் எழுதிப் பாத்தா நல்லது மேடம். லேசான பயிற்சி. இதோ, இந்த ஒப்புகைச் சீட்டுலயே ஒண்ணு போடுங்களேன்."

முகத்தைச் சுளிச்சுக்கிட்டே போட்டாங்க. 'பெறப்பட்டது'ன்னு முத்திரையும் குத்தினாங்க. சீட்டைப் பைக்குள்ள வெச்சு ஜிப்பை இழுத்து மூடினேன். ஜெயிச்சாச்சு!

அப்பவே கிளம்பியிருக்கணும். ஆனா அந்தம்மா கையை உதறிக்கிட்டே இருந்தாங்க. பொய் வைத்தியம் சொன்னது மனசைக் குத்துச்சு. என் பையில எப்பவும் ஒரு புதுப் பட்டை இருக்கும். விரலை மடக்கச் சொல்லி, மணிக்கட்டைச் சாய்ச்சேன். "ஆஆ!" செக்‌ஷனே திரும்பிப் பாத்துச்சு. பட்டையை மாட்டினேன். பிரசங்கம் தானா வந்துடுச்சு.

"ரெண்டு வாரம் இந்தக் கையால பேனாவைத் தொடவே கூடாது. ஒரே ஒரு கையெழுத்துன்னு யார் வந்தாலும் இடம் குடுக்காதீங்க."

"எவ்வளவு இதமா இருக்கு! நீங்க சொன்னபடியே செய்யறேன்"ன்னு உருகிட்டாங்க. அப்புறம் என் ஃபைலை எடுத்து, டிராயர்ல வெச்சு, இடது கையால மூடினாங்க.

"மேடம், என் ஃபைல்?"

"நான் குறிப்பு எழுதிக் கையெழுத்து போட்டாத்தான் மேல போகும். ரெண்டு வாரம் கழிச்சு வந்து பாருங்க."

"மேடம், ஒரே ஒரு கையெழுத்து..."

"ம்ஹூம். இடம் குடுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

பத்தொன்பது வருஷத்துல ஒரு ஆபீஸ்ல என்னை 'டாக்டரம்மா'ன்னு சொன்னது அதான் முதல் தடவை. இப்போதைக்கு அதுதான் ப்ரமோஷன்.