குடை சாரின் கூரை வழக்கு

காருக்குள் குடை விரித்துக்கொண்டு கார் ஓட்டியவர் சென்னைப் பட்டணத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். மந்தைவெளியில் என் வீட்டுக்கு நேர் கீழே, முதல் மாடியில் குடியிருந்தார். சொந்தப் பெயர் வேறு. தெருவுக்கு அவர் குடை சார்.

தொண்ணூறுகளின் நடுவில் கூரையில் ஜன்னல் வைத்த கார் இங்கே அபூர்வம். சார் தன் பழைய காரை ஒரு பட்டறையில் விட்டு, கூரையை அறுத்துக் கண்ணாடி பொருத்தி, சன்ரூஃப் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். காரணம் அவர் மனைவி, எங்களுக்கு மாமி. மாமிக்கு முழங்கால் வலி. பதினாறு படி இறங்கப் பத்து நிமிஷம்; நான் எண்ணியிருக்கிறேன். கோயில் கூட்டத்தில் நிற்க முடியாது. சீட்டில் சாய்ந்தபடியே கோபுரம் தெரிந்தால் போதும்.

தெரிந்தது. முதல் மழையில் கூரை ஒழுகவும் செய்தது, சரியாக டிரைவர் தலையில். மாமி பின் சீட்டிலிருந்து குடையை நீட்டிப் பிடிக்க, சார் லஸ் முனையைக் கடப்பார். ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் நிறுத்தி, என்ன குற்றம் என்று எழுதத் தெரியாமல் விட்டுவிட்டார்.

பட்டறைக்காரர் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரை மூன்று முறை மாற்றினார். நான்காவது முறை அலுத்துக்கொண்டார்.

"இன்னா சார், சும்மா வந்துக்கினே கீற. மேல ஒரு தகடு வச்சு அடிச்சிர்றேன். சொட்டு எறங்காது."

"கோபுரமும் தெரியாதேப்பா" என்றார் சார்.

அன்று தொடங்கியது சட்டப் படிப்பு. நுகர்வோர் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம் என்று கண்டுபிடித்தார். மாடிப்படியில் என்னை மறித்துப் பாடம் நடத்துவார். குறையைச் சரிசெய்யக் கேட்கலாம், புதிதாக மாற்றித் தரக் கேட்கலாம், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம், பட்ட பாட்டுக்கு நஷ்டஈடு கேட்கலாம். பில் மட்டும் தொலையக் கூடாது. நாலில் எது என்று கவலையோடு கேட்டேன். பணம் வேண்டாம், ஒழுகாத ஜன்னல்தான் வேண்டும் என்றார்.

வழக்குப் போட்டு ஆறு வாய்தா ஆயிற்று. கூரையில் குறையே இல்லை, சார்தான் மூட மறக்கிறார் என்றார் பட்டறைக்காரர். நிரூபிக்கலாமென்றால் அக்கினி நட்சத்திரத்தில் மழைக்கு எங்கே போவது? நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் ஒரு வக்கீலை அனுப்பியது. அவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, கூரைமேல் ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்தோம். பத்து நிமிஷம். ஒரு சொட்டு இறங்கவில்லை. பட்டறைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். வக்கீல் எழுதப் பேனாவைத் திறந்தார். சார் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

முதல் மாடி ஜன்னலில் மாமி தலையை நீட்டி, வந்தவர் நனையவில்லையே என்று விசாரித்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது: மாமி விடிகாலையில் பதினாறு படி இறங்கி, காருக்குள் உட்கார்ந்து, கூரைக் கண்ணாடியின் இடுக்கு முழுக்க மெழுகுவர்த்தியை உருக்கி அடைத்திருக்கிறார்.

"ஏண்டீ?" என்றார் சார், ஜன்னலை அண்ணாந்து பார்த்து.

"கோர்ட்லேர்ந்து வரவா தலையில சொட்டலாமோ? நம்மாத்துக் காரோன்னோ."

வக்கீல் நிமிர்ந்து பார்த்து, நகத்தால் மெழுகைச் சுரண்டினார். தேங்கியிருந்த தண்ணீர் அவர் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. பட்டறைக்காரர் தன் செலவில் கண்ணாடியைச் சரியாகப் பொருத்தித் தரவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பொருத்தியும் கொடுத்தார்.

ஐப்பசியில் மழை பிடித்த அன்று சார் என்னையும் காரில் அழைத்தார். சளி பிடிக்குமே என்று பயந்துகொண்டே முன் சீட்டில் ஏறினேன். மாட வீதியில் ஊர்ந்தோம். உள்ளே ஈரமே இல்லை. மாமி பின்னால் சாய்ந்து, மழை வழியும் கண்ணாடி வழியே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் கூரைப் பக்கம் திரும்பவே இல்லை. முன்னால் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் மாமியையே பார்த்தபடி ஓட்டினார். அவருக்காக ரோட்டை நான் பார்த்துக்கொண்டேன்.