ஆட்ட நேரத்தில் அடக்கம்

"ஒரு மணிக்கா?" ராண்டல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "அம்மா, ஒரு மணிக்குத்தான் ஆட்டமே!"

"ஒரு மணிக்கு உங்கப்பாவுக்கு அடக்கம்," என்றாள் வில்மா. "நேரம் மாறாது."

புத்தாண்டு நாள். கல்லூரிக் கால்பந்தில் நாட்டின் முதலிடத்து அணியும் இரண்டாமிடத்து அணியும் 'பவுல்' எனப்படும் பருவ இறுதிக் கோப்பைக்கு மோதுகின்றன. இரண்டாமிடத்தில் இருப்பது ராண்டலின் ஊரார் கொண்டாடும் அணி. அலபாமாவின் அந்தச் சிற்றூரில் கல்யாணத்தைக்கூட ஆட்ட அட்டவணையைப் பார்த்துத்தான் வைப்பார்கள். ராண்டலும் அப்பா ஹோரேஸும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்காத பவுல் ஆட்டம் கிடையாது. அப்பாவுக்காகவாவது இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவன் உண்மையாகவே நம்பினான்.

கோயிலில் போதகரைத் தனியாக அழைத்துப் போனான். "பாஸ்டர், இருபது நிமிஷத்துல முடிச்சிடுங்க."

"நானும் மனுஷன்தான் ராண்டல்," என்றார் போதகர். கறுப்புக் கால்சட்டைக்குக் கீழே அணியின் மெரூன் நிறக் காலுறை தெரிந்தது. ராண்டல் கேட்டபடியே ஜெபத்தை இருபது நிமிடத்தில் முடித்தார்.

வில்மா எழுந்தாள். "நேரம் நிறைய இருக்கு. ஹோரேசைப் பத்திப் பேசணும்னா பேசலாம்."

யாரும் வாய் திறப்பதற்குள் ராண்டல் எழுந்தான். "எல்லார் சார்பாவும் நானே சொல்லிடறேன். நல்ல மனுஷன். நன்றி."

"பெத்த மகன் பேசுற பேச்சாடா இது?" என்றார் சித்தப்பா லோனி. அண்ணனோடு முதன்முதலில் மீன் பிடிக்கப் போன நாளிலிருந்து தொடங்கினார். அவருக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர், பழைய முதலாளி, முடிவெட்டுபவர். மகன் சொல்லாததையெல்லாம் ஊர் சொன்னது.

கைபேசிகளை ரூபி அத்தை வாசலிலேயே ஒரு கூடையில் வாங்கி வைத்திருந்தாள். ராண்டல் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, வயிறு சரியில்ல. வீட்டுக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன்."

வில்மா திரும்பவேயில்லை. "ரூபி, இவனைக் கொஞ்சம் பாரு."

ரூபி அத்தை நர்ஸ். பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடித்தாள். அப்புறம் விடவில்லை.

பேச்சு ஓயும்போது வெயில் சாய்ந்திருந்தது. சவ வண்டியின் முன்னிருக்கையில் ஏறி, ஊரின் அடக்கக் காரியங்களை நடத்தி அந்த வண்டியையும் ஓட்டும் பிக்கன்ஸிடம் கெஞ்சினான். "குறுக்கு வழியில விடுங்க சார். கடைசிக் கொஞ்சத்தையாவது பார்த்துடறேன்."

பிக்கன்ஸ் துக்கத்தோடு தலையாட்டிவிட்டு நீளமான சாலையில் திருப்பினார். நடை வேகம்தான். எதிரே வந்த வண்டிகள் மரியாதைக்காக ஓரத்தில் நின்றன. ராண்டல் கண்ணாடியை இறக்கிக் காதை நீட்டினான். சவ வண்டி நெருங்கியதும் ஒவ்வொருவரும் தொப்பியைக் கழற்றி, ரேடியோவையும் அணைத்தார்கள்.

பெட்டி குழிக்குள் இறங்கும்போது ஊர் முழுக்க ஹாரன்கள் அலறின. ஜெயித்துவிட்டார்கள். போதகர் தேவைக்கு மேல் சத்தமாக "ஆமென்" என்றார்.

அப்பாவும் பார்க்கவில்லை, தானும் பார்க்கவில்லை. ராண்டல் மண்டியிட்டு அழுதான்.

பிக்கன்ஸ் அவன் தோளில் கை வைத்தார்.

"அழாதீங்க தம்பி. 'நானும் என் மகனும் சேர்ந்து பார்த்த ஒரு பவுலையும் நம்ம டீம் ஜெயிச்சதில்ல. நான் போனா பாதிப் பீடை தொலைஞ்சுது, மீதிப் பீடை அவன்தான், ஆட்டம் முடியற வரைக்கும் அவனை டிவி பக்கம் விட்டுடாதீங்க'ன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டு இந்த நேரத்தைக் குறிச்சதே உங்கப்பாதான்."