ஆஸ்திரேலியாவின் தலைநகரம் பொள்ளாச்சி என்று நான் சொன்னது பற்றி

கொழிஞ்சாம்பாறை,
புதன்கிழமை காலை

குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் குப்பண்ணன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ராசம்மாளின் வீட்டுக்காரன் தனபால் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், ராசம்மாள், மகள் யோகப்பிரியா மூவரும் காய்ச்சல், தலைவலி இல்லாமல் இருக்கிறோம். தென்னைக்குத் தண்ணீர் பாய்கிறது. மாடு நேரத்துக்குக் கறக்கிறது. தாங்களும் அக்காவும் அதுபோலவே சௌக்கியமாக இருக்க மாரியம்மன் அருள வேண்டும்.

மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தங்களுக்குப் பதினோரு முறை போன் போட்டுவிட்டேன், எடுக்கவில்லை. திங்கட்கிழமை விடிந்து பார்த்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டே வெளியேறிவிட்டீர்கள். அந்தக் குழுவை ஆரம்பித்ததே நீங்கள்தான் மச்சான்! எவனோ ஒரு புண்ணியவான் அந்த வீடியோவை அதில் போட்டிருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. ஆகவே இந்தப் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும். வீடியோவில் இருப்பது அரை நிமிடம். நடந்தது ஒன்றரை மணி நேரம். முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

நம் பக்கத்தில் வருடா வருடம் எட்டு வாசகசாலைகள் சேர்ந்து பொது அறிவு வினாடி வினா லீக் நடத்துவது தங்களுக்குத் தெரியும். ஓர் அணிக்கு ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேர். எங்கள் வாசகசாலைக்கு நானும் யோகப்பிரியாவும். பதில் சொல்வது அவள், பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவது நான். இந்த வருடம் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். எதிர் அணி யாரென்று சனிக்கிழமை சாயங்காலம் நோட்டீஸ் ஒட்டினார்கள். 'வேலந்தாவளம்: திரு. சென்னியப்பன், மகன் ரமேஷ்குமார்.' நீங்கள் நடையாய் நடந்து பேசி முடித்த அதே சம்பந்தி, வருகிற இருபதாம் தேதி நம் பெண்ணுக்கு நிச்சயமாகப் போகிற அதே மாப்பிள்ளை! எனக்கு நின்ற இடத்திலேயே வியர்த்துவிட்டது.

பெண் பார்த்துவிட்டுப் போன அன்று தாங்கள் என்ன சொன்னீர்கள்? "தனபாலு, நாம பொண்ணு ஊடு. எதுலயும் அவங்களுக்கு ஒரு படி கீழயே நிக்கோணும். மிஞ்சிப் போயிறாத" என்றீர்களா இல்லையா? அதை நான் மந்திரம் மாதிரி மனசில் வைத்திருந்தேன். உடனே குவிஸ் மாஸ்டர் ராமபத்ரனுக்குப் போன் போட்டுக் காய்ச்சல் என்றேன். கல்பாத்திக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அரை நிமிடம் தாமதத்தையும் குற்றமாக நினைக்கிற மனுஷர். "ஜுரமா? வாயால பதில் சொல்றதுக்கு ஜுரம் ஒரு தடையாக்கும்! கம்பிளியப் போத்திண்டு வாங்கோ. வரலைன்னா அஞ்சு வருஷத்துக்கு உங்க வாசகசாலைய லீக்லேர்ந்து எடுத்துடுவேன், கேட்டேளா" என்று வைத்துவிட்டார்.

சரி, போட்டி அன்று ஞாயிற்றுக்கிழமை காலை பெண்ணிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று போனேன். "அம்மிணி, இன்னிக்கு ஒரு நா மட்டும் உட்டுக் குடு சாமி" என்றேன். "தோத்தா தோத்துக்கறனுங்கப்பா. உட்டெல்லாம் குடுக்க மாட்டேன்" என்றாள். "தோத்தா அவரு மொகம் எப்புடிப் போகுதுன்னு நான் பாக்கோணுமுங்க. கண்ணாலத்துக்குப் பொறவு பாத்து என்ன பண்றது?" மச்சான், பதினாலு இடம் வந்து தட்டிப் போன பெண் அவள். ஒருத்தர் இவள் பேசும்போது போனைப் பார்த்தார், வேண்டாம். இன்னொருத்தர் கூட்டுறவு வங்கி வேலையை விடச் சொன்னார், வேண்டாம். இவரை மட்டும்தான் "பரவால்லீங்கப்பா" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். எனக்கு இருப்பது ஒரே மகள். இது கெட்டுப் போனால் நான் தாங்க மாட்டேன். எல்லாக் கூத்தும் அந்தப் பயத்தில் செய்ததுதான்.

வாசகசாலைக்கு ஓடு மாற்றுவதால் போட்டியைக் கள்ளுக்கடையின் குடும்ப அறைக்கு மாற்றியிருந்தார்கள். நாற்பது நாற்காலியும் இரண்டு ஃபேனும் உள்ள இடம் வேறு கிடையாதாம். (தங்கள் தங்கைக்கு 'ஹால்' என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீங்களும் ஹால் என்றே சொல்லவும்.) உள்ளே காலை வைக்கிறேன், பரிமாறுகிற ஆள் உரத்த குரலில், "தனபாலண்ணா, என்னுங்க இன்னிக்கு இத்தன சீக்கிரம்?" என்கிறான். திரும்பினால் பின்னால் சம்பந்தி நிற்கிறார். அடுத்த நொடி அவன் அவரைப் பார்த்து, "வாங்கண்ணா, வழக்கமான மூலை டேபிளுங்களா?" என்றான். நான் கள்ளைத் தொடவே மாட்டேன் என்று அவரிடமும், அவர் தொடவே மாட்டார் என்று என்னிடமும் சத்தியம் செய்தவர் தாங்கள்! நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரில் இருந்த மீன்கறி விலையைப் படித்துக்கொண்டிருந்தோம்.

போட்டி ஆரம்பித்தது. மணிக்குப் பதிலாக ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும். முதலில் டம்ளரை அடிப்பவர் பதில் சொல்ல வேண்டும். தேனீக்கு எத்தனை கண் என்பது முதல் கேள்வி. யோகப்பிரியா கரண்டியை ஓங்கினாள். நான் டம்ளரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "சம்பந்தி, நீங்க சொல்லுங்க" என்றேன். "அட, அதெப்படீங்க? நீங்க சொல்லுங்க" என்றார். "மொதல்ல நீங்க." "இல்லீங்க, நீங்கதானுங்க." ஒரு நிமிடம் ஓடிவிட்டது. "இது வினாடி வினாவா, பந்தி உபசாரமா?" என்று ராமபத்ரன் கத்தினார். அஞ்சு கண் என்று அவரே சொல்லிக்கொண்டார். இரண்டாவது கேள்வி, கேரளத்தில் கிழக்கே பாய்கிற ஆறு எத்தனை. கபினி, பவானி, பாம்பாறு, மூன்று. நம் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். தோற்றே ஆக வேண்டும் என்று நான் "பதினேழு" என்றேன். பாவம் அந்த மனுஷர், எனக்கு அவமானமாகிவிடக் கூடாது என்று "பதினெட்டுங்க" என்றார். கூட்டம் சிரித்த சிரிப்பில் ஓட்டில் இருந்த பல்லி கீழே விழுந்தது. மூன்றாவதாகத்தான் ஆஸ்திரேலியாவின் தலைநகரம் கேட்டார். கான்பெரா என்று எனக்குத் தெரியும் மச்சான், தாய் மேல் ஆணையாகத் தெரியும்! சிட்னி என்று சொன்னால் நிஜமாகவே தெரியாமல் சொன்னதாக நினைப்பார்கள், கொஞ்சம் தூக்கலாகச் சொன்னால்தான் மரியாதைக்காகத் தோற்கிறேன் என்று சம்பந்திக்குப் புரியும் என்று கணக்குப் போட்டு, பொள்ளாச்சி என்றேன். வீடியோவில் இருப்பது இந்த இடம்தான்.

அவருக்குப் புரியவில்லை. மகன் காதில் குனிந்து, "ஏன்டா, அந்தப் புள்ளையும் இப்படித்தானா?" என்று கேட்டார். ரகசியம் பேசத் தெரியாத தொண்டை அவருக்கு. யோகப்பிரியாவுக்குக் கேட்டுவிட்டது. "அப்பா, பொள்ளாச்சி போதுமுங்க. டம்ளரக் குடுங்க" என்று என் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் டிங், பைக்கால் ஏரி. டிங், குறிஞ்சி பன்னிரண்டு வருடம். டிங், டிங், டிங். ஆனால் மாப்பிள்ளையும் சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரர். இவள் ஒன்று அடித்தால் அவர் ஒன்று அடித்தார். சாப்பிட வந்தவர்கள் எல்லாம் கப்பைக்கிழங்குத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சுற்றி நின்றுவிட்டார்கள். ஆளுக்கு ஐந்து. இன்னும் ஒரே ஒரு கேள்வி. "மனுஷ உடம்புலயே சின்ன எலும்பு எங்க இருக்கு?" மாப்பிள்ளை கரண்டியைத் தூக்கினார். தூக்கியவர் தூக்கியபடியே இவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவள் டிங் என்று அடித்து, "காதுக்குள்ளீங்க" என்றாள். கோப்பை எங்களுக்கு.

மாப்பிள்ளை சிரித்த முகத்தோடு எழுந்து வந்து வாழ்த்துச் சொன்னார். ஸ்கூட்டரில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோகப்பிரியா, "அப்பா, தோத்தும் சிரிச்சாருங்க, பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று என் முதுகில் தட்டிக்கொண்டே வந்தாள். எனக்கோ வண்டி ஓடுகிற ரோடே தெரியவில்லை. ஏனென்றால் சம்பந்தி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், "போறனுங்க" என்று சொல்லிவிட்டு விருட்டென்று போய்விட்டார். போயிட்டு வர்றனுங்க என்று சொல்லவில்லை. போறனுங்க! சாவு வீட்டில் சொல்வதை என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூன்று நாளாக ஒரு போனும் இல்லை. பந்தல்காரர் முன்பணம் கேட்கிறார், கொடுப்பதா வேண்டாமா தெரியாமல் ஒளிந்து திரிகிறேன்.

ஆகவே மச்சான், இந்தத் தபால் கிடைத்ததும் முதல் பஸ்ஸில் கம்பம் இறங்கி, எப்படியாவது வேலந்தாவளம் போய்ச் சேரவும். சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, தனபாலுக்கு வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று சொல்லவும். கிறுக்கன் என்றே சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பெண்ணுக்கு மூளை இல்லை என்று மட்டும் ஒருத்தரும் நினைக்க வேண்டாம். அதிகம் தெரிந்ததுதான் குற்றம் என்று அவர் நினைத்தால் அதற்கும் என்னையே திட்டச் சொல்லுங்கள். அவளுக்கு நான்காம் வகுப்பிலிருந்து பொது அறிவுப் புத்தகம் வாங்கிக் கொடுத்துக் கெடுத்தவன் நான். இந்தக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் இனி என் ஆயுசுக்கும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். ராசம்மாள் அண்ணனின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள். தங்கள் கடையும் குடும்பமும் பெருகி விளங்க வேண்டும்.

தங்கள் கோபத்துக்கு ஆளான,
தனபால்

பின்குறிப்பு: மச்சான், கிளம்ப வேண்டாம். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் சம்பந்தி வந்து இறங்கினார், கையில் ஒரு தார் நேந்திரம்பழம். "அன்னிக்கு அந்தப் பரிமாறற ஆளு என்னோட டேபிளுக்குக் கள்ளக் கொண்டாந்து வெச்சுப்போடுவானோன்னு பயந்து ஓடியாந்துட்டனுங்க சம்பந்தி. கோவம் கீவம் ஒண்ணுமில்லீங்க" என்றார். கோபமாவது! "கண்ணாலம் ஆயிருச்சுன்னா புள்ள எங்க வாசகசாலைதானுங்களே? அடுத்த வருசக் கோப்பை எங்களுக்குத்தான்" என்று குதிக்கிறார்.

இதைக் கேட்டு நான் மூச்சு விடுவதற்குள் உள்ளேயிருந்து யோகப்பிரியா வந்தாள். "மாமா, அவரு கோயமுத்தூருல காது ஆசுபத்திரியிலதானுங்க வேல பாக்கறாரு? காதெலும்பு தெரியாதுங்களா?" என்றாள். அங்கேயே மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். "தெரியுமுங்க. நீங்க ஜெயிக்கோணும்னு உட்டுட்டேன்" என்று அந்த அப்பாவி உண்மையைச் சொல்லிவிட்டார். போச்சு. உட்டுக் குடுக்கிற மாப்பிள்ளை எனக்கு வேண்டாமுங்க என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, நாளை மறுநாள் மறு போட்டி, அவர் முழு மனசோடு ஆடினால்தான் இருபதாம் தேதி நிச்சயம் என்று சொல்லிவிட்டாள். இவளை வங்கிக்கு லீவு போடச் சொல்லி மாப்பிள்ளை செய்தி அனுப்பியிருக்கிறார், இரண்டு நாள் நன்றாகப் படித்துவிட்டு வாருங்கள் என்று. அதைப் படித்து இவள் சிரித்தாளா முறைத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. ராசம்மாள் அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் போயிருக்கிறாள். யார் ஜெயிக்க வேண்டுமென்று அம்மனிடம் சொல்வது என்று கேட்டு இப்போது அங்கிருந்து ஆள் அனுப்பியிருக்கிறாள்.