சம்மதம் இல்லாமல் ஊசி இறங்காது

நாற்பத்தொரு வயது ஆளைப் பார்த்து, "வீட்டுல போய் அப்பாவக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய வியாபாரி தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். அவர் மார்த்தாண்டத்தில் எங்கள் கட்டிடத்தின் மாடியில் இருந்தார். பள்ளிக்கூடம் நடத்தவில்லை. டாட்டூ குத்தினார்.

அவருக்குப் பெயர் என்னவோ இருந்தது. வாடகைப் பத்திரத்தில் அதை டைப் அடித்தவனே நான்தான். இருந்தாலும் இப்போது யோசித்தால் நாக்கில் வருவது ஊர் வைத்த பெயர்தான்: சம்மதம். கத்தாரில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கப் போனவர், உடன் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரரிடம் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார். கை அவ்வளவு நேர்த்தி. அதை வைத்து அவர் நன்றாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். முதல் டாட்டூ என்றால் அப்பாவோ அம்மாவோ நேரில் வர வேண்டும். கீழே இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில் சம்மதக் கடிதம் அடித்து, கையெழுத்துப் போட்டு மேலே கொண்டுவர வேண்டும். வயது ஒரு பொருட்டே இல்லை. இரண்டாவது டாட்டூவுக்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. முதலாவதுக்குத்தான் வீட்டில் பெகளமும் சண்டையும், அதற்குப் பிறகு பழகிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

பதினெட்டு வயது தாண்டியவர்களுக்கு யார் சம்மதமும் தேவையில்லை என்று நான் எத்தனையோ முறை எடுத்துச் சொன்னேன்.

"சட்டத்துக்கு பதினெட்டு மதி அண்ணே," என்பார். மதி என்றால் எங்கள் ஊரில் போதும் என்று அர்த்தம். "வீட்டுக்கு எத்தன?"



அந்த நாற்பத்தொரு வயதுக்காரர் ஒரு பஸ் கண்டக்டர். இரண்டு பிள்ளைகளின் பெயரையும் கையில் குத்திக்கொள்ள ஆசைப்பட்டு வந்தார். திருப்பி அனுப்பியதும் படியில் இறங்கும்போதே திட்டிக்கொண்டு போனார். ஆனால் மறுநாள் குழித்துறையிலிருந்து அப்பாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெரியவர் என் கடையில் உட்கார்ந்து விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார். பேரப்பிள்ளைகள் பெயரைப் போடுகிறாயே, என் பெயர் எங்கே என்று மகனிடம் விசாரித்தார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்தேன். கடைசியில் அந்தக் கையில் மூன்று பெயர்கள் ஏறின. பெரியவருடைய பெயர் மேலே, மற்ற இரண்டும் கீழே.

வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்களுக்கு மட்டும் வீடியோ காலில் சலுகை உண்டு. ஒரு பையனுடைய அப்பா தம்மாமிலிருந்து பேசினார். சம்மதமா என்று கேட்டதும் அவர் வாயைத் திறந்து "வேண்ட்" என்றார், அத்தோடு படம் உறைந்துவிட்டது. வேண்டுமா, வேண்டாமா? அந்தத் திறந்த வாயைச் சுற்றி நின்று முக்கால் மணி நேரம் ஆராய்ந்தோம். உதட்டைப் பார்த்தால் வேண்டாம் மாதிரி இருப்பதாகச் சம்மதம் வாதாடினார். கண்ணைப் பார்த்தால் வேண்டும் மாதிரி இருப்பதாகப் பையன் சொன்னான். பிறகு லைன் கிடைத்தபோது அந்த மனிதருக்கே தான் என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்துபோயிருந்தது.

இதையெல்லாம் மிஞ்சியது பட்டாம்பூச்சி விவகாரம். ஒரு கல்லூரிப் பெண்ணுக்குத் தோளில் பட்டாம்பூச்சி வேண்டும். திங்கட்கிழமை அவள் அம்மா வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, அவளுடைய அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று சொல்லிப் போனார். செவ்வாய்க்கிழமை அப்பா வந்து முடியவே முடியாது என்றார். தான் வந்துபோனது வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் சண்டை வரும், சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். சம்மதம் இரண்டு நாள் கடையைத் திறந்துவைத்துவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் யோசித்தார். மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது: பாதிச் சம்மதத்துக்குப் பாதிப் பட்டாம்பூச்சி. உடம்பையும் ஒரு சிறகையும் மட்டும் குத்தி அனுப்பிவிட்டார்.

அப்பா நான்கு நாள் தாக்குப்பிடித்தார். ஐந்தாம் நாள் மகளை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"அந்த மத்த செறகையும் போட்டுத் தாரும் சாரே. பாத்துக்கிட்டு இருக்க முடியல்ல."

இப்படி வருகிற பெற்றோர் எல்லோரும் மேலே ஏறுவதற்கு முன் என் கடையில்தான் உட்காருவார்கள். அழுதவர்கள் உண்டு. என் மகனுக்கு ரத்தத்தில் விஷம் ஏறிவிடும் என்றவர்கள் உண்டு. கல்யாணத்துக்குப் பெண் கிடைக்காது என்றும், சபையில் என்ன சொல்வார்கள் என்றும் கவலைப்பட்டார்கள். நான் டீ வாங்கிக் கொடுத்து, காலம் மாறிவிட்டது, பிள்ளைகளின் சின்ன ஆசை, விட்டுவிடுங்கள் என்று ஆறுதல் சொல்வேன். கொஞ்ச நாளில் இந்த விஷயத்தில் நான் ஒரு நிபுணன் என்ற எண்ணம் எனக்கே வந்துவிட்டது.

என் மகள் அனிஷாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. சனிக்கிழமை தோறும் ரயிலில் வந்து இறங்கி, நேராக என் கடைக்கு வந்து பையைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். ஒரு சனிக்கிழமை கடைக்குள் வராமல் மாடிப்படி ஏறினாள். ஏதோ விளையாட்டாகப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் சம்மதம் இறங்கி வந்தார். ஒரு நாளைக்கு மூன்று முறை என் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடிக்கிற மனிதர், முன்பின் பார்த்திராதவர் போல என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அனிஷாவுக்க அப்பா இருக்காவளா?"

நான் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

மேலே போனேன். மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்ன போடப்போகிறாய் என்று கேட்டேன். நண்டு என்றாள்.

சிலுவை என்றால் ஒரு மாதிரிப் பேசலாம். எவனாவது ஒருவனுடைய பெயர் என்றால் வேறு மாதிரிப் பேசலாம். பூ, பறவை, மண்டையோடு எல்லாவற்றுக்கும் என்னிடம் தயாராகப் பதில் இருந்தது. நண்டுக்கு இல்லை.

"நண்டு எதுக்கு மக்களே?"

"எனக்குப் பிடிக்கும்பா."

பிடித்தால் குழம்பு வைத்துத் தின்பதுதானே என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்று எழுந்து போய்விட்டாள். எனக்கு அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. அழுதிருந்தால் அதட்டியிருக்கலாம்.

என் மனைவிக்குப் போன் செய்தேன். டீச்சர், அன்று சிறப்பு வகுப்பு, இடைவேளையில் எடுத்தாள். எந்தக் கை என்று மட்டும் கேட்டாள். இடது மணிக்கட்டு என்றேன். அப்படியானால் வாட்ச் கட்டினால் மறையும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவளுக்கு அரை நிமிடத்தில் முடிந்த விஷயம் எனக்கு ஒரு வாரம் முழுக்க ஓடியது.

கடிதம் அடிக்க உட்கார்ந்தேன். நூற்றுக்கணக்கில் அடித்த அதே கடிதம். 'என் மகளுக்கு டாட்டூ போட முழுச் சம்மதம்' என்று வந்ததும் கை நின்றது. 'முழு' என்பதை அழித்தேன். பிறகு 'சம்மதம்' என்பதையும் அழித்துவிட்டு, 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று அடித்து மேலே கொடுத்தேன். சம்மதம் வாசித்துவிட்டு, இது கரண்ட் ஆபீசுக்குக் கொடுக்கிற கடிதம் என்று திருப்பித் தந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் கடிதம் கேட்கிறாயே, உன் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லையே, அது என்ன கதை என்று கேட்டேன். உண்மையில் பல பேர் கேட்ட கேள்விதான் அது. டாட்டூ குத்துகிறவரின் இரண்டு கையும் பிறந்த குழந்தையின் கை மாதிரி வெறுமையாக இருக்கும்.

"எனக்க அம்மை இன்னும் சம்மதிக்கல்ல அண்ணே," என்றார்.

அவருக்கு வயது நாற்பத்தைந்து. இரணியலில் தனியாக இருக்கும் அம்மாவிடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய்க் கேட்கிறாராம். ஒன்பது வருடமாக வேண்டாம் என்றே பதில். நான் நம்பவில்லை. அந்த ஞாயிறு அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டு நானும் போனேன்.

இரணியல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டு வீடு. எழுபது வயதைத் தாண்டிய ஒல்லியான அம்மா. நான் முதலில் பார்த்தது அவர் கையைத்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பச்சை குத்தியிருந்தது. மங்கிப்போன கோடுகள், புள்ளிகள், நடுவில் தேள் மாதிரி ஒன்று.  இவரா மகனுக்கு வேண்டாம் என்கிறார்?

மகன் அடுக்களையில் பால் விடாத கட்டன் சாயா போடப் போனதும் கேட்டேவிட்டேன். அவர் கையைத் திருப்பி, யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டார். ஆறு வயதில் குத்தியதாம். அவருடைய அம்மா காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டாராம், சித்தி கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"வேணுமாட்டீ, வேண்டாமான்னு ஒரு ஆளு எங்கிட்ட கேக்கல்ல மக்களே."

அதனால்தான் மகனுக்குச் சம்மதிக்கவில்லையா என்று கேட்டேன். அவர் அடுக்களைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது ஒண்ணும் இல்ல. அவன் குத்தினா குத்தட்டும். நான் சரின்னு சொல்லிப்போட்டா, பெறவு ஞாயித்துக்கிழம எதுக்கு வருவான்? இப்பம் கேக்கதுக்காவது வாறாம்லா."

அவனிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கையால் சைகை காட்டினார். சாயா வந்தது. சம்மதம் தரையில் உட்கார்ந்து, சின்னதாக ஒன்று, சட்டைக்குள் மறைகிற மாதிரி போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேண்டாம் மக்களே என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல்.

திரும்பி வரும் வழியில் தக்கலை தாண்டியதும் அவர் தலையைத் திருப்பிச் சொன்னார்.

"பாத்தியளா அண்ணே? டாட்டூன்னாலே அம்மைக்கு ஆவாது."

 பொதுவாக ரகசியம் தங்காத வாய் என்னுடையது. அன்று தங்கியது.

கொஞ்ச தூரம் போனதும் அவரே மறுபடி பேசினார். "திருவனந்தபுரத்துல கடை இல்லாமலா அண்ணே பிள்ளை இங்க வந்தா?"

இப்படி ஒரு கோணம் இருப்பதே எனக்கு அதுவரை தோன்றவில்லை. யாரையும் கேட்காமல் குத்திக்கொண்டு முழுக்கைச் சட்டையோடு வந்து இறங்கியிருக்கலாம். அப்பாவைக் கேட்காமல் ஊசி இறங்காத ஒரே கடைக்கு அவள் ரயிலேறி வந்திருக்கிறாள்.

அதனால் எனக்குத் தெளிவு வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். குழப்பம் கூடத்தான் செய்தது. இரணியலில் ஒரு அம்மா பாசத்தால் வேண்டாம் என்கிறார். என் வீட்டில் ஒருத்தி பாசம் குறையாமலே அரை நிமிடத்தில் சரி என்கிறாள். நான் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை டைப் அடிக்காமல் வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதினேன்: 'எனக்கு இதில் ஒன்றும் பிடிபடவில்லை. இருந்தாலும் சம்மதம்.'

சம்மதம் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் இரண்டு முறை வாசித்தார். இதை ஏற்றுக்கொள்ளலாமா என்று அவருக்கே சந்தேகம். மகளிடம் நீட்டி, "இது மதியா?" என்று கேட்டார்.

அனிஷா வாசித்தாள். போனை எடுத்து அந்தத் தாளைப் போட்டோ பிடித்துக்கொண்டாள். 

"மதி," என்றாள்.

ஊசி இறங்கும்போது அவள் என் கையைப் பிடிக்கவில்லை. நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேர்த்ததும் எனக்குத்தான். நண்டின் கால்களை எண்ணிப் பார்த்து ஒரு பக்கம் ஒன்று குறைகிறது என்று சொன்னேன். இன்னும் முடியவில்லை அண்ணே, பேசாமல் இருங்கள் என்று சம்மதம் அதட்டினார். அந்த நண்டு எனக்குப் பிடித்திருக்கிறதா? இன்றைக்கும் தெரியாது. அவள் சோறு பரிமாறும்போது அது மீன் குழம்பை நோக்கி நடந்து போவது மாதிரி இருக்கும். பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகு நெடுஞ்சாலையில் புதிதாக இரண்டு டாட்டூ கடைகள் வந்தன. அவர்கள் யாரையும் எதையும் கேட்பதில்லை. சம்மதத்துக்கு வாரத்துக்கு ஒருவர் வந்தாலே அதிகம் என்று ஆனது. சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன், கேட்கவில்லை. போன வருடம் அவர் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. கடையைக் காலி செய்துகொண்டு இரணியலுக்கே போய்விட்டார்.

அவர் போய்ச் சேர்ந்த ஒரு வாரத்தில் போன் வந்தது. குரலில் கவலை. அம்மா சரி என்று சொல்லிவிட்டார், ஆனால் இத்தனை வருடமும் என்ன போடுவது என்று தான் யோசிக்கவே இல்லை என்றார். இப்போது வாரம் ஒரு படம் வரைகிறார். நங்கூரம், சிங்கம், தென்னை மரம் என்று ஒவ்வொன்றாக அம்மாவிடம் காட்டுகிறார். அவர் படுத்தபடியே பார்த்து, இது நன்றாக இல்லை, வேறு வரை என்கிறாராம். இரண்டு பேரும் இப்படியே இருக்கிறார்கள்.

மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. டியூஷன் நடத்த ஒருவர், மொபைல் ரிப்பேருக்கு ஒருவர், தையல் கடைக்கு ஒரு பெண் என்று மூன்று பேர் வந்து கேட்டுவிட்டார்கள். மழை பெய்தால் மேலே ஒழுகும் என்று சொல்லி மூவரையும் அனுப்பிவிட்டேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகாது.