இல்லாத கோடிக்கு வரி கட்டியவர்

ஆர்விட் ஊரிலேயே பெரிய பணக்காரர் ஆனது ஒரு டிசம்பர் காலையில். பெட்டியில் இல்லை, வங்கியில் இல்லை. வரிப் பட்டியலில்.

நார்வேக்காரர்களுக்குள் சொத்து விஷயத்தில் ஒளிவு மறைவு கிடையாது. யாருக்கு எவ்வளவு இருக்கிறது என்று வரிப் பட்டியல் வந்ததும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். யார் பார்த்தார்கள் என்பதை, பார்க்கப்பட்டவரும் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் ஆர்விட் பெயருக்கு நேரே ஒரு கோடி க்ரோனர் என்று இருந்தது.

ஃபியோர்டு என்ற கடற்கழியைக் கடக்கும் படகில் வாழ்நாளெல்லாம் கயிறு இழுத்துவிட்டு ஓய்வு பெற்ற மனிதருக்கு ஏது கோடி? எல்லாம் கிரிப்டோதான். யாரோ ஒரு புண்ணியவான் போனில் சொன்னான், இவர் சேமிப்பில் பெரும்பகுதியை எடுத்துப் போட்டார். போட்ட நாள் முதல் திரையில் அது வீங்கியது. வேறு நாட்டுக்காரராக இருந்தால் கமுக்கமாக வைத்துக்கொண்டிருப்பார். ஆர்விட் நேர்மையானவர். ஒரு காசு விடாமல் வரிக் கணக்கில் எழுதினார். சொத்து வரி வந்தது. கட்டினார். திருடன் கொடுத்த பொய்க் கணக்குக்கு அரசாங்கத்துக்கு மெய்யான பணம் போயிற்று. அந்தத் திருடனுக்கே இது தெரிந்தால் வெட்கப்பட்டிருப்பான்.

அன்று காலை, தன் பெயரை யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்தார். சவரக் கடைக்காரர் பார்த்திருந்தார். பாதிரியார் பார்த்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரி தூரில், தன் காபி ஆறுவதற்குள் மூன்று முறை பார்த்திருந்தாள். எல்லோருக்கும் முன்னால், முதல் பெயராக, அவர் மனைவி போர்கில்ட்.

பெருமையில் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏங்க, தூரில் கேக் கொண்டுவந்து குடுத்துட்டுப் போனா" என்றாள் போர்கில்ட்.

"எதுக்கு?"

"நமக்கு ஒரு கோடி இருக்காமே. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்."

"இருக்கு. கிரிப்டோவுல போட்டிருக்கேன். சொன்னா உனக்குப் புரியாதேன்னுதான் சொல்லல."

"எனக்கு என்ன புரியும். கூரை ஒழுகுறது புரியும். அதுவும் கட்டில்ல என் பக்கம்தான் சொட்டுது. கோடியில கொஞ்சம் எடுத்துக் கூரையை மாத்தலாமே."

"வளர்ற பயிரை யாராவது பிடுங்குவாங்களா?"

"சரிங்க. அது வளரட்டும். நான் வாளியை மாத்தி வைக்கிறேன்."

மறுநாள் தூரில் மறுபடி வந்தாள். இந்த முறை கேக் இல்லை.

"அண்ணே, நம்ம ஊர் பேண்டுக்கு டூபா வாங்கணும், அந்தப் பெரிய ஊதுகொம்பு. பழசுல காத்து வாய் வழியா போகாம வயித்து வழியா போகுது. உங்க மாதிரி பெரிய கை குடுத்தாத்தான் உண்டு."

ஆர்விட்டை யாரும் அதுவரை பெரிய கை என்று சொன்னதில்லை. உடனே சரி என்றுவிட்டார். பணம் எடுக்கப் போனார். விடுவிப்புக் கட்டணம் கட்டு என்றது திரை. கட்டினார். அதற்கு மேல் ஒரு பாதுகாப்புக் கட்டணம் என்றது. அதையும் கட்டினார். அடுத்த நாள் அந்த இணையதளத்தின் கதவைத் தட்டினால், கதவையே காணோம். ஒரு கோடியும் அதைக் காட்டிய திரையும் சேர்ந்தே போய்விட்டன.

இப்போது அவரிடம் மிச்சம் இருந்தது நாற்பதாயிரம் க்ரோனர். கூரைக்கென்று சேர்த்து வைத்த, இன்னும் போதாத பணம்.

பறிகொடுத்தவன் பெயர் திருடர்களுக்குள் கை மாறும் போலிருக்கிறது. அந்த வாரமே ஒருவன் கூப்பிட்டான். தன் பெயர் வக்கீல் வான் ஸ்டர்லிங் என்றான். ஆர்விட்டுக்குக் காது மந்தம். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ரகசியம் காக்க விறகுக் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டார். கொட்டகைக்குப் பலகைச் சுவர்.

"ஐயா, உங்க பணம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"எங்க இருக்கு?"

"அதைச் சொல்றதுக்குத்தான், கையில மிச்சம்னு சொன்னீங்களே, அந்த நாற்பதாயிரம். வீட்டம்மாவுக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியவே வேண்டாம். சட்ட ரகசியம்."

சுவருக்கு வெளியே, கூடையோடு விறகு எடுக்க வந்திருந்த போர்கில்ட் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். ஜெபம்தான். இடையில் ஓரிரண்டு வசவும் கலந்திருக்கலாம். கர்த்தருக்கு இரண்டும் பழக்கம்தானே. பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு கோவில் அலுவலகத்துக்குப் போனாள். சபைச் செய்தித்தாளைத் தட்டச்சு செய்வது அவள் ஊழியம்.

அன்று சாயங்காலம் ஆர்விட்டுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "ஏமாந்தோர் உதவி மையம், செயலாளர் திருமதி லுண்ட்" என்று போட்டிருந்தது.

"மதிப்புக்குரிய ஐயா, தொலைந்த பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவன் இரண்டாவது திருடன். அவனுக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம். எங்கள் மையம் பணம் வாங்குவதில்லை. ஆனால் நீங்கள் உண்மையில் ஏமாந்தவர்தானா என்று சரிபார்க்க வேண்டியிருக்கிறது. கேட்கும் படங்களை அனுப்பவும். குளிர் அதிகம், கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளவும்."

இலவசம் என்றதும் ஆர்விட்டுக்கு வான் ஸ்டர்லிங் கசந்துவிட்டான். எவ்வளவு அக்கறையான அலுவலகம் என்று நெகிழ்ந்துபோய்க் காலுறையைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

முதல் சரிபார்ப்பு: விண்ணப்பதாரர் ஏணியில் நின்று அடுப்படியின் உட்கூரையைப் பச்சைச் சோப்பால் கழுவும் படம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டை மேலிருந்து கீழாகக் கழுவுவது அங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அந்த வாரம் வந்தால் ஆர்விட்டுக்கு இடுப்பு பிடித்துக்கொள்வதும் எல்லா வருஷமும் உண்டு. இந்த வருஷம் இடுப்பு பிடிக்கவில்லை.

"என்னங்க, ஏணியில நிக்கிறீங்க?" என்றாள் போர்கில்ட்.

"சும்மாதான். உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு. இந்தா, ஒரு படம் எடு."

"படம் எதுக்கு?"

"ஞாபகத்துக்கு."

"நல்லாத் தெரியுற மாதிரி நில்லுங்க. அந்த மூலையில இன்னும் கரி இருக்கு பாருங்க. அதையும் துடைச்சாப் படம் இன்னும் அழகா இருக்கும்."

படம் போனது. பதில் வந்தது. மூலை இன்னும் சரியில்லை, மறுபடி அனுப்பவும். அப்புறம் அடுப்புக் குழாய். அப்புறம் நிலவறைக் கதவு. அப்புறம் வெள்ளிக் கரண்டிகளில் விண்ணப்பதாரர் முகம் தெரிய வேண்டும் என்றார்கள். முகம் தெரிந்தது, மூக்கு கொஞ்சம் பெரிதாக.

அதற்குள் வான் ஸ்டர்லிங் பொறுமை இழந்தான். நாளைக்குள் பணம் வராவிட்டால் கோடி கைவிட்டுப் போகும் என்றான். ஆர்விட் போனை வைத்துவிட்டு மின்னஞ்சலைத் திறந்தார். யோசனை கேட்டு லுண்ட் அம்மாவுக்கு எழுதினார். பதில் உடனே வந்தது.

"கையில் மிச்சம் இருப்பதை உடனே உங்கள் மனைவி கணக்குக்கு மாற்றவும். திருடர்கள் கணவர்மாரைத்தான் மயக்குகிறார்கள். மனைவிமாரிடம் அவர்கள் பேச்சு எடுபடுவதில்லை. பிறகு வங்கியில் சொல்லி, போலீசில் எழுதிக் கொடுத்து, வரி அலுவலகத்தில் கணக்கைத் திருத்திக் கேட்கவும். போன கோடி வராது ஐயா. அது இருந்ததே இல்லை. கட்டின வரி வரலாம்."

அன்று காபி குடிக்கும்போது ஆர்விட் தொண்டையைச் செருமினார்.

"போர்கில்ட், நான் யோசிச்சேன். அந்த நாற்பதாயிரத்தை உன் பேர்லயே போட்டுடறேன்."

"ஐயோ, எனக்கு எதுக்குங்க? கோடி வளர்த்த மனுஷன் நீங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்."

"இல்ல, நீ வாங்கிக்கணும்."

"வேண்டாங்க. பணம் காசு எனக்குப் புரியாதே."

"தயவு பண்ணி வாங்கிக்க போர்கில்ட்."

"இவ்வளவு கெஞ்சுறீங்க. சரி, உங்க மனசு நோகக் கூடாது" என்று சொல்லி, வாஃபிள் மேல் பழுப்புச் சீஸை இன்னொரு துண்டு வைத்துக் கொடுத்தாள். வான் ஸ்டர்லிங் மறுநாள் கூப்பிட்டபோது போனை அவளே எடுத்தாள். ஞாயிறு பிரசங்கத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை.

ஆர்விட் சொன்னபடி எல்லாம் செய்தார். வங்கியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். போலீசில் அதைவிடக் குனிந்து சொன்னார். வரி அலுவலகம் மட்டும் நல்ல செய்தி சொன்னது. இல்லாத கோடிக்குக் கட்டியதைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். எந்தக் கணக்குக்கு என்று கேட்டார்கள். லுண்ட் அம்மாவின் யோசனைப்படி அதுவும் போர்கில்ட் கணக்குக்கே போயிற்று. மறு வாரம் கூரைக்காரர் வந்து அளவெடுத்தார்.

கடைசியாக ஒரு மின்னஞ்சல். "வியாழக்கிழமை சபைக் கூடத்தில் காபிக் கூட்டத்துக்கு வரவும். என்னை நேரில் சந்திக்கலாம். டை கட்டி வரவும்."

ஆர்விட் டை கட்டிப் போனார். கூடம் நிறைந்திருந்தது. வாசலில் ஒரு பலகை. "இணைய மோசடியில் சிக்காமல் இருப்பது எப்படி: அனுபவசாலி ஆர்விட் பேசுகிறார்." திரும்பிப் போவதற்குள் தூரில் கையைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

வேறு வழியில்லை. கோடி வந்த கதையையும் போன கதையையும் சொன்னார். சிரிப்பார்கள் என்று பயந்தார். யாரும் சிரிக்கவில்லை. சவரக் கடைக்காரர் எழுந்து, எனக்கும் ஒருத்தன் போன் பண்ணினான் என்றார். பாதிரியார் வெகுநேரம் இருமிவிட்டு, தாமும் ஒரு தொகை போட்டதாகச் சொன்னார்.

"அப்போ டூபா இல்லையாண்ணே?" என்றாள் தூரில்.

"இல்லம்மா."

கூட்டம் கலைந்தது. ஆர்விட் ஒவ்வொரு பெண்மணி முகமாகப் பார்த்தார். யாரும் தன்னை அறிமுகம் செய்துகொள்ளவில்லை. சமையலறைக்குப் போனார். மலை போல் குவிந்த கழுவாத காபிக் கோப்பைகளுக்கு முன்னால் போர்கில்ட் நின்றிருந்தாள்.

"ஏய், திருமதி லுண்ட்னு ஒரு அம்மா வர்றதாச் சொன்னாங்க. பார்த்தியா?"

போர்கில்ட் தன் ஏப்ரனைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினாள்.

"வந்தாச்சுங்க. கடைசிச் சரிபார்ப்பு இதான். படம் வேண்டாம், நான் நேர்லயே நின்னு பார்க்கிறேன்."