தட்டைத் துடைக்காத தராசுக்காரர்

பத்தே நிமிடத்தில் நூற்று அறுபது புள்ளி சர்க்கரை எங்கே போயிருக்கும்? தராசுக்காரருக்கு மூன்று வாரமாக இதே யோசனை. கடை கடையாகப் போய்த் தராசு பழுது பார்ப்பது அவர் தொழில். அரை கிராம் குறைந்தாலும் அது எந்தத் திருகில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். மனைவியின் ரத்தத்தில் காணாமல் போன சர்க்கரை மட்டும் சிக்கவில்லை.

மந்திரத் தண்ணீரால் சர்க்கரை நோயை இறக்குவதாகச் சொல்லி, மூடிக்கிடந்த பழைய தியேட்டரில் தண்ணீர் ஐயா கடை விரித்திருந்தார். கூட்டம் சாலைவரை நின்றது. மேடையேறுகிறவர் முதலில் ஓர் ஆரஞ்சைத் தன் கையாலேயே உரித்துக் கிண்ணத்தில் போட வேண்டும். சாப்பிடக் கூடாது. "நோயை உரிச்சுப் போடுறோம்" என்பார் ஐயா. உடனே விரலில் குத்தி மீட்டரில் பார்ப்பார்கள். தராசுக்காரரின் மனைவிக்கு முந்நூற்றுப் பத்து. கூட்டம் உச்சுக்கொட்டியது. பிறகு ஐயாவின் மந்திரத் தண்ணீரில் ஒரு மடக்கு குடித்து, மீதியில் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். பத்து நிமிடம் கண்ணை மூடியிருந்துவிட்டு மறுபடி குத்தினால் நூற்று ஐம்பது.

"மீட்டர் பொய் சொல்லாதுங்க" என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் விளக்கியவர் நம் தராசுக்காரர்தான். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அளவையில் இருபத்திரண்டு வருட அனுபவம், சும்மாவா?

அதுவரை அவர் மனைவி தெருமுனை மருத்துவமனையின் சமையற்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வாங்க வசதியில்லாத சர்க்கரை நோயாளிகளுக்கு அங்கே மருந்துச் சீட்டு மாதிரியே காய்கறிச் சீட்டு. வாரம் ஒரு பை நிறையக் காயும் பயறும் கிடைக்கும். அதை எப்படிச் சமைப்பது, எவ்வளவு சாப்பிடுவது என்று நர்சம்மா அடுப்பின் முன் நின்றே காட்டுவார். மாத்திரையும் அதுவுமாக மூன்று மாதத்தில் முந்நூறு, நூற்று ஐம்பதுக்கு வந்திருந்தது. மெதுவாக இறங்கியதால் யாரும் கைதட்டவில்லை.

காலையில் நர்சம்மாவின் மீட்டரில் நூற்று ஐம்பது, அன்று மாலையே தியேட்டரில் முந்நூற்றுப் பத்து. 'நர்சம்மாவோட மீட்டர் மட்டம்' என்று நம் அளவை நிபுணர் தீர்ப்பளித்தார். "முட்டைக்கோஸ்ல என்னம்மா இருக்கு? அதிசயத்தைக் கண்ணால பாத்தாச்சு." பை நின்றது. மாத்திரை நின்றது. வீடு முழுக்கத் தண்ணீர் பாட்டில்.

மூன்று வாரத்தில் மனைவியின் கால் விரலில் ஒரு புண். ஆறவில்லை. தியேட்டரில் முந்நூற்றுத் தொண்ணூறு காட்டி, இருநூற்று முப்பதுக்கு இறங்கியது. நம்பிக்கை போதவில்லை, பாட்டிலைக் கூட்டுங்கள் என்றார் ஐயா.

"ஏங்க, தண்ணி வேலை செய்யுதுன்னா புண்ணு ஏன் பெருசாகுது?" என்றார் மனைவி. "ஊருக்கே சொன்ன உங்க விளக்கம் புண்ணு காதுல மட்டும் விழலையா?"

தராசுக்காரர் வேலைக்குக் கிளம்பினார். இனிப்புக் கடையில் ஒரு தராசு, வெறும் தட்டுக்கே நாற்பது கிராம் காட்டுகிறதாம்.

"மெஷின் போச்சா அண்ணே?" என்றார் கடைக்காரர்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு தம்பி. தட்டுல பாகு ஒட்டியிருக்கு பாரு. அதையும் சேத்துத்தானே நிறுக்கும்? முதல்ல தட்டைத் தொடைச்சு..."

சொல்லி முடிக்கவில்லை. ஈரத்துணியோடு அப்படியே நின்றார். பாகு. தட்டு. ஆரஞ்சு. விரல்.

"என்னண்ணே, கரண்ட் அடிச்சுடுச்சா?"

"அடிச்சிருக்கணும் தம்பி. மூணு வாரம் முன்னாடியே."

அன்று மாலை மனைவியோடு மேடையேறினார். "ஐயா, இன்னிக்கு வரிசையை மட்டும் கொஞ்சம் மாத்துவோம்." பையிலிருந்து சோப்பையும் துண்டையும் எடுத்தார். மேடையோரக் குழாயில் கழுவித் துடைத்த விரலில் இருநூற்று இருபத்தெட்டு. பிறகு ஆரஞ்சை உரிக்கச் சொன்னார். அதே விரலில் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. மறுபடி குழாய், சோப்பு, துண்டு. இருநூற்று முப்பத்தொன்று. மந்திரத் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் செலவாகவில்லை.

"பழச்சாறும் சர்க்கரைதாங்க. விரல்ல ஒட்டியிருந்தா ரத்தத்தோட சேத்து மீட்டர் அதையும் எண்ணும்" என்றார் கூட்டத்திடம். பிறகு ஐயாவிடம் ஓர் ஆரஞ்சை நீட்டினார். "உங்களுக்குத்தான் சர்க்கரையே கிடையாதே. நீங்க உரிங்க, பாப்போம்."

"ஆரஞ்சு எனக்கு ஒத்துக்காது."

"சாப்பிட வேண்டாம் ஐயா. உரிச்சா போதும்."

வேறு பழம் எடுத்து வருவதாகத் திரைக்குப் பின்னால் போனார் ஐயா. பழமும் வரவில்லை, ஐயாவும் வரவில்லை.

மறுநாள் காலை இருவரும் சமையற்கூடத்தில் நின்றார்கள். நர்சம்மா புண்ணைத் துடைத்துக் கட்டினார். மாத்திரைச் சீட்டு எழுதினார். காய்கறிப் பையை நீட்டினார்.

"ஆறிடுமா நர்சம்மா?" தராசுக்காரரின் குரல் இறங்கியிருந்தது.

"சீக்கிரம் வந்துட்டீங்க, ஆறிடும். இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா விரலை எடுத்திருக்கணும்."

மனைவி கணவரைப் பார்த்தார். "இருபத்திரண்டு வருஷமா ஊர்த் தட்டையெல்லாம் தொடைக்கிறவரு. கட்டினவ விரலைத் தொடைக்கத் தோணல."

 சமையற்கூடக் குழாய்க்கு மேலே தராசுக்காரரே தன் கையால் ஒரு பலகை எழுதி மாட்டினார்:

'விரலில் குத்துமுன் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைக்கவும். அதன் பிறகும் அளவு கூடியிருந்தால் மாத்திரையும் இந்தப் பையும்தான் வழி. யாராவது அதிசயம் காட்டினால், வாயைப் பிளப்பதற்கு முன் தட்டைத் துடைத்துவிட்டுப் பார்க்கவும்.'