பிழை மண்ணில்தான்

தங்கம் கிடைக்காதவர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் உண்டு. அதில் நீங்களும் அடக்கம், நானும் அடக்கம், பெருமைப்பட ஒன்றுமில்லை. தங்கம் ஏன் கிடைக்கவில்லை என்று அறிந்தவர்கள் தனி இனம். நான் சொல்ல வருவது அவர்களைப் பற்றித்தான்.

ஒக்லாந்தில் இந்த இனத்தை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. சனிக்கிழமை காலையில் ஊரிலுள்ள ஆண்களெல்லாம் புல்வெட்டும் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு நீளத் தடியையும் அதன் நுனியில் சாப்பாட்டுக் கோப்பையளவு வட்டமொன்றையும் மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டு நிற்பார். "என்ன அண்ணை, எங்கை பயணம்?" என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டீர்களோ, உங்கள் புல் அன்றைக்கு வெட்டுப்படாது.

இந்த இனத்துக்கு நமது மாதிரி, த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் இருக்கிறார். பெயர் சோதிலிங்கம், நாங்கள் சோதி அண்ணை என்போம். உத்தியோகம் ஒடாஹுஹுவில், பஸ்களுக்கு நேர அட்டவணை போடுவது. வராத பஸ்ஸுக்குக் காரணம் சொல்லியே தலை நரைத்த மனிதருக்கு, வராத தங்கத்துக்குக் காரணம் சொல்வது ஒரு வேலையா?

"மினரலைஸ்ட் கிரவுண்ட், தம்பி" என்பார். அவசர சிகிச்சை அறையிலிருந்து வெளியே வந்த டொக்டர், காத்திருக்கும் உறவினரிடம் கதைப்பாரே, அந்தக் குரலில். "இந்த நாட்டு மண்ணிலை இரும்பு கூட. எரிமலை மண். மெஷின் என்ன செய்யும், பாவம்? மண்ணையே உலோகம் எண்டு நினைச்சுக் கத்துது."

உண்மைதான். அந்த மெட்டல் டிடெக்டர் கத்துவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். சோதி அண்ணையின் வீட்டுப் பின்வளவில், அவர் மனைவி பத்மாவதி அக்கா கத்தரிக்காய் நட்டிருக்கும் பாத்தியில் வைத்தாலும் கத்தும். ஒரு காலத்தில் தங்கம் வெட்டிய கொரமண்டல் மலையடிவாரத்தில், முறைப்படி அனுமதி வாங்கி, ஓர் ஓடைக்கரையில் அவர் அதை இயக்கியபோது நானும் கூட நின்றேன். மழை. அது விடியத் தொடங்கி இருளும்வரை ஓயாமல் அழுதது. ஒவ்வொரு அழுகைக்கும் நாங்கள் ஒரு குழி தோண்டினோம். ஒவ்வொரு குழியிலும் ஒரு கல் இருந்தது. ஒவ்வொரு கல்லையும் அவர் நக்கிப் பார்க்காத குறையாக ஆராய்ந்து, "இரும்புக் கல்" என்று தீர்ப்புச் சொல்லி, அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். திரும்பி வரும்போது ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே, "கிட்ட வந்திட்டம்" என்றார். எதற்குக் கிட்ட என்று நான் கேட்கவில்லை. என் காற்சட்டை நனைந்திருந்தது.

இத்தனைக்கும் இந்தக் கத்தலை அடக்கும் வித்தை அவருக்குத் தெரியாததல்ல. அதில்தான் விசேஷமே. கோயில் மண்டபத்தில், பூசை முடிந்து பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு அவர் அதை வகுப்பாகவே எடுத்திருக்கிறார். சாம்பார் வாளியிலிருந்து அகப்பையை உருவி, நிலத்துக்கு மேலே தூக்கித் தூக்கிப் பதித்துக் காட்டுவார். "இப்பிடி ஏத்தி இறக்க வேணும். அப்ப மெஷின் இந்த மண்ணின்ரை குணத்தைப் பழகிக்கொள்ளும். பிறகு சென்சிடிவிட்டியைக் குறைக்க வேணும். குறைச்சால் மண்ணின்ரை சத்தம் அடங்கும். அதுக்குப் பிறகு வாற சத்தம்தான் சத்தம்." பந்தியில் இருந்தவர்கள் தலையாட்டுவார்கள். சாம்பாருக்காகக் காத்திருப்பவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள்.

"அப்ப நீங்கள் ஏன் குறைக்கிறேல்லை?" என்று ஒருமுறை கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குறைச்சால் ஆழத்திலை கிடக்கிறது தப்பிப் போயிடும், தம்பி."

ஆக, மெஷின் எப்போதும் உச்சத்தில். சத்தம் இருக்கும்வரை தங்கம் இருக்கிறது. சத்தம் நின்றால், வெறும் நிலம். வெறும் நிலத்தில் வெறும் மனிதராக நிற்பதற்கா அவர் அவ்வளவு தூரம் கார் ஓடிப் போகிறார்?

இப்படியே ஒருவர் சந்தோஷமாக வாழ்ந்து முடித்திருக்கலாம். நடுவில் ஒருநாள், நான் அவர் வீட்டில் இருந்தபோது, ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

அழைத்தவன் கௌசிகன். எப்சமில் தாயோடு இருக்கும் பொடியன், ஐ.டி. வேலை, அண்மையில்தான் ஊருக்குப் போய்க் கொக்குவிலில் கலியாணம் கட்டி, விசா கிடைத்து, மனைவி நிருஜாவைக் கூப்பிட்டிருந்தான். அன்று மாலை வீட்டில் வரவேற்பு விருந்து. அதற்கு முன்னர் முரிவாய் கடற்கரையில் படம் எடுக்கலாம் என்று போயிருக்கிறார்கள். கருமணல், வெள்ளை நுரை, சிவப்புக் கூறைச்சேலை, நன்றாகத்தான் இருந்திருக்கும். படக்காரர் குதிக்கச் சொன்னார். நிருஜா மாட்டேன் என்றாள். கௌசிகன், "குதியும், எல்லாரும் குதிக்கினம்" என்றான். குதித்தாள். இன்னும் உயர என்றார்கள். உயரக் குதித்தாள். கீழே வந்தபோது கழுத்தில் தாலிக்கொடி இல்லை.

"மாமா, உங்கடை மெஷின் இப்ப வீட்டிலையோ?"

மனிதன் ஒருவன் தன் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கேள்வி காதில் விழும்போது அவன் முகம் எப்படி மாறும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். அண்ணை எழுந்து நின்றுதான் பதில் சொன்னார்.

நான் காரில் ஏறினேன். பத்மாவதி அக்காவும், கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினார். "ஆம்பிளையளுக்கு நடுவிலை அந்தப் பிள்ளை தனிய நிக்கும்" என்றார். வழிநெடுக அண்ணை மணலைப் பற்றிப் பேசினார். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அது ஆற்றை கொடி?"

கௌசிகனின் தாய் சாந்தகுமாரியின் கொடி. தன் தாலிக்கொடியை உருக்கி மருமகளுக்குச் செய்வித்திருந்தார். புருஷன் இறந்த பிறகு பெட்டிக்குள் கிடந்ததை, இது இனி ஒரு கழுத்தில் இருக்கட்டும் என்று கொடுத்தது. அந்த மனிசி அந்த நேரம் எப்சமில் விருந்தாளிகளுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

கடற்கரையில் காற்று ஆளைத் தள்ளியது. நிருஜா கூறையோடு மணலில் குந்தியிருந்தாள், ஒரு கையைக் கழுத்தில் வைத்தபடி. கௌசிகன் கோட்டைக் கழற்றிவிட்டு நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தான். படக்காரர் எட்ட நின்று லென்ஸைத் துடைத்தார். அலை ஒவ்வொன்றும் போன அலையைவிடச் சற்று மேலே வந்து பார்த்துவிட்டுப் போனது.

சோதி அண்ணை எங்கே விழுந்தது என்று கேட்பார் என நினைத்தேன். அவர் பொக்கற்றிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். மணலில் புரட்டித் தூக்கினார். காந்தத்துக்குத் தாடி முளைத்திருந்தது, கறுகறுவென்று.

"பாத்தியளோ!" என்றார், எல்லோரையும் சுற்றிப் பார்த்து. "முழு இரும்பு. உலகத்திலையே கஷ்டமான மண்ணுகளிலை இது ஒண்டு."

நிருஜா அந்தத் தாடியைப் பார்த்தாள். பிறகு அலையைப் பார்த்தாள்.

மெஷின் உயிர் பெற்றது. வைத்த இடமெல்லாம் அலறல். இடது பக்கம் அலறல், வலது பக்கம் அலறல், தூக்கிப் பிடித்தாலும் முனகல். "இஞ்சை!" என்பார் அண்ணை. கௌசிகன் பாய்ந்து இரண்டு கையாலும் தோண்டுவான். மணல். "இஞ்சை!" மணல். "இந்தச் சத்தம் வேறை மாதிரி, இஞ்சை!" ஒரு சோடா மூடி. கொஞ்ச நேரத்தில் அந்தக் கரை, பெரிய நாய்க்கூட்டமொன்று விளையாடிவிட்டுப் போன இடம் போலாகிவிட்டது. முதலில் தோண்டிய குழிகளுக்குள் தண்ணீர் வரத் தொடங்கியது.

"நீர் கழுத்தைப் பிடிச்சுக்கொண்டெண்டாலும் குதிச்சிருக்கலாம்" என்றான் கௌசிகன், மூச்சு வாங்க.

"குதிக்கச் சொன்னது நீங்கள்" என்றாள் நிருஜா. சத்தமாகச் சொல்லவில்லை. அவன் மறுபடி குனிந்து தோண்டினான்.

அவள் எழுந்து அண்ணையிடம் வந்தாள். "மாமா, எல்லா இடத்திலையும் கத்தினால், அது இல்லாத இடம் எதெண்டு எப்பிடித் தெரியும்?"

மண்டபத்தில் இத்தனை வகுப்பு எடுத்தவரிடம் யாரும் கேட்காத கேள்வி. அண்ணை வாயைத் திறந்தார். "மினரலைஸ்ட்..." என்று தொடங்கினார். அவள் அழாமல் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், அந்தச் சொல் பாதியில் நின்றது.

"இஞ்சாருங்கோ" என்றார் பத்மாவதி அக்கா. "சத்தத்தைக் குறையுங்கோ."

"குறைச்சால் ஆழத்திலை..."

"என்ன ஆழம்? அந்தப் பிள்ளை இப்பதானே குதிச்சது. கொடி என்ன கிணறு வெட்டிக்கொண்டே போயிருக்கும்?"

அண்ணை மெஷினின் குமிழைப் பார்த்தார். அதில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். மெல்லத் திருப்பினார். அலறல் முனகலாகி, முனகல் மூச்சாகி, நின்றது. பிறகு வட்டத்தை மணலுக்கு மேலே ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, அந்த மண்ணை அதற்குப் பழக்கினார். அகப்பையில் காட்டியபோது இருந்த மிடுக்கு இல்லை.

"எந்த இடத்திலை குதிச்சனீர், பிள்ளை?" என்று கேட்டார். கடற்கரைக்கு வந்து அவர் கேட்ட முதல் கேள்வி.

நிருஜா காட்டினாள். அவர் நடந்தார். அடிக்கு மேல் அடி வைத்து, தடியை மணலோடு ஒட்டி, நெல் காயவைப்பவர் போலப் பதமாக வீசினார். சத்தமில்லை. இன்னும் கொஞ்சம். சத்தமில்லை. அவர் முகத்தில் நான் பயத்தைக் கண்டேன். அந்த மெஷின் அவர் கைக்கு வந்ததிலிருந்து இன்றுதான் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறது. குறை சொல்ல மண்ணும் இல்லை.

அப்போது ஒரு சின்னச் சத்தம். குருவிக்குஞ்சு கூப்பிட்டது போல, சுத்தமாக, ஒரேயொரு தரம்.

அண்ணை நிற்கவில்லை. "அது கல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"திரும்பி வாங்கோ!" என்று அக்கா கத்தினார்.

திரும்பி வந்தார். வட்டத்தை வைத்தார். மறுபடி அதே சத்தம். இப்படி வீசினாலும் அதே இடம், அப்படி வீசினாலும் அதே இடம். நிருஜா முழங்காலில் விழுந்து கையை விட்டாள். மணிக்கட்டுவரைகூடப் போகவில்லை. வெளியே எடுத்தபோது கருமணல் அப்பிக்கொண்டு, பாதி கறுப்பாகவும் பாதி மஞ்சளாகவும், கொடி அவள் விரல்களில் தொங்கியது. கொக்கி மட்டும் பிரிந்திருந்தது.

அவள் அதுவரை அழவில்லை. அக்கா தன் சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் கொக்கிக்குப் பதிலாகப் பூட்டிவிட்டபோதுதான் அக்காவின் தோளில் முகத்தை வைத்தாள்.

"அம்மாவிட்டை நான் சொல்லுறன்" என்றான் கௌசிகன்.

"சொல்லுங்கோ" என்றாள், முகத்தை எடுக்காமலே. "என்னைக் குதிக்கச் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

சொன்னான் என்றுதான் கேள்வி. சாந்தகுமாரி வடைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, மகனைப் பார்த்து, "உனக்குக் குதிக்க வேணுமெண்டால் நீ குதி" என்றாராம். மருமகளுக்குத் தன் கையாலேயே புதுக் கொக்கி போட்டுக் கொடுத்தாராம்.

நியாயப்படி, சோதி அண்ணை அன்றிலிருந்து ராஜநடை நடந்திருக்க வேண்டும். ஆனால் வீடு திரும்பும் வழியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மண்டபத்தில் பந்தியே எழுந்து வந்து அவரைச் சூழ்ந்தது. மலேசியாக்காரர் சிவலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? முழுக்கச் சொல்லுங்க" என்றார்.

அண்ணை இலையைப் பார்த்தார். "அது... மேலாலைதான் கிடந்தது."

"அவ்வளவுதானா?"

"ஓம்."

கிடைக்காத தங்கத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவருக்குக் கிடைத்த தங்கத்தைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. சனம் ஏமாற்றத்தோடு பாயாசத்துக்குத் திரும்பியது. அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பின்வளவுக்குக்கூட மெஷினைக் கொண்டுபோகவில்லை. சனிக்கிழமை புல் வெட்டினார். பத்மாவதி அக்காவே எனக்குப் போன் எடுத்து, "உங்கடை அண்ணைக்கு ஏதோ செய்யுது, ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார்.

நான் போவதற்குள் அவர் தேறிவிட்டார். வாசலிலேயே பிடித்துக்கொண்டார், கண்ணில் பழைய ஒளி.

"தம்பி, யோசிச்சுப் பாத்தன். அதைத் தங்கம் எடுத்ததெண்டு கணக்கிலை சேர்க்கேலாது."

"ஏன் அண்ணை?"

"அது விழுந்தது. நான் தேடுறது கிடக்கிறதை. ரெண்டும் வேறை. அதோடை அந்தப் பிள்ளை குதிச்ச இடத்திலை இரும்பு குறைவு. நான் பிறகு போய்க் காந்தம் வைச்சுப் பாத்தனான். அந்தத் துண்டு நல்ல மண். அதுதான் அம்பிட்டது."

"சத்தத்தைக் குறைச்சதாலை இல்லையோ?"

"சேச்சே" என்றார், டிக்கியைத் திறந்தபடி. தடி உள்ளே பளபளத்தது. குமிழ் உச்சத்தில் நின்றது. "கொரமண்டலுக்குப் போறன். வாறியோ?"

சமையலறை யன்னலால் அக்கா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நிம்மதி. நோயாளி கஞ்சி கேட்டுவிட்டான் என்ற மாதிரி.

வாசகரே, உங்களை நான் அறியேன். ஆனாலும் ஒரு சின்னப் பரிசோதனை. இதை வாசிக்கையில் நிருஜாவை நினைத்து உங்கள் நெஞ்சு பதறியதா? நல்லது, நீங்கள் வழக்கமான மனிதர், போய் உங்கள் வேலையைப் பாருங்கள். இல்லை, நடுவில் எங்கேயோ ஓரிடத்தில், அது எந்தக் கம்பெனி மெஷின், அந்த ஓடைக்கரைக்கு எந்த வழியால் போவது, அனுமதி எங்கே எடுப்பது என்று மனம் ஒரு கணம் விலகிப் போய் வந்ததா? போகவில்லை என்று அவசரமாகச் சொல்லாதீர்கள்.

போயிருந்தால், மெஷினுக்கு முன்னர் முழங்காலுக்கு நல்ல உறையாக ஒரு சோடி வாங்கிவிடுங்கள். குனிய நிறைய இருக்கும்.